ஒற்றைத் தடத்துக்கு ஒரே கட்டை

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் அறையில் தீயணைப்பு உருளையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் அது கண்ணில் படாது. தீப்பிடித்தால் யாரும் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு ஓடமாட்டார்கள். இடது சுவரில் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். இந்த நாற்காலிக்கும் ஒரு கால் ஆடியது. காகிதம் மடித்து அடியில் வைத்துவிட்டேன். இனி நிதானமாகப் பேசலாம்.

நான் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டில் ஓர் எறும்புகூடக் கால் இடறியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் என் வீட்டு மாடிப்படிகளை அளந்தேன். ஏழாவது படி அரை அங்குலம் கூடுதல். இடித்துக் கட்டினேன். உட்கார்ந்து தின்னும் கை இல்லை இது.

எங்கள் சின்ன ரயில் மன்றம் அப்போது தொடங்கியதுதான். பூங்காவுக்குள் தண்டவாளம் போட்டோம். எஞ்சின் இடுப்புக்குக் கீழேதான் நிற்கும், ஆனால் நிஜ நிலக்கரி, நிஜ நீராவி, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத எடை. பின்னால் பலகைப் பெட்டிகள்; குதிரைமேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். அதன் விசிலைக் கேட்டு ஒருமுறை நிஜ ரயில் ஒன்று வழிவிட்டு நின்றது என்று நான் சொல்வதுண்டு. கால் பங்கு உண்மை.

மன்றத்தைத் தொடங்கியது நானும் என் தங்கை புருஷனும். அவர் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்கும்போதும் ஆளைச் சிரிக்கவைப்பவர். தும்மினால் மூன்று தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எஞ்சின் அவருடையது, ஒழுங்கு என்னுடையது.

ஒழுங்கு என்றால் கட்டை. அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் அறிக்கையில் அது புரிந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு இரண்டு நிலையங்கள்: குளத்தடி, மேடு. நடுவில் ஒற்றைத் தடம். மேட்டை விட்டதும் ஒரு தகரச் சுரங்கம், வளைவாக. உள்ளே நுழைந்தவருக்கு மறுமுனை தெரியாது. அதைத் தாண்டினால் திறந்த புல்வெளி, அப்புறம் குளத்தடி. அந்தத் தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்காக ஒரே ஒரு சிவப்புக் கட்டை. ஒரு முழ நீளம், முனையில் பித்தளை வளையம். எந்த ஓட்டுநர் கையில் கட்டை இருக்கிறதோ அவர்தான் நுழையலாம். கட்டை அந்த முனையில் இருந்தால் இந்த முனையில் இருப்பவர் கடவுளே வந்தாலும் காத்திருக்க வேண்டும்.

எங்கள் பழைய கட்டிலின் காலைக் கடைந்து நானே செய்தேன். என் மனைவி போன பிறகு அந்தக் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டிருந்தேன். "ஒற்றைத் தடத்துக்கு ஒரே கட்டை" என்று பலகை எழுதி இரண்டு நிலையத்திலும் மாட்டினேன். கட்டை கையில் இருந்தால் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம், போய்க்கொண்டே இருக்கலாம் என்று ஓட்டுநர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பயணிகளுக்கும் பதினான்கு அறிவுரைகள் வைத்திருந்தேன். காலை வெளியே நீட்டாதே, செருப்பு வார் கட்டு, துப்பட்டாவைச் சுருட்டிக்கொள், இப்படி. பயணம் ஏழு நிமிஷம், அறிவுரை பதினொரு நிமிஷம் என்று கேலி செய்வார்கள். அபாண்டம். ஒன்பது நிமிஷம்தான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். என் ஏழாவது படியைப் பாராட்டினார். போகும்போது என் தோளில் கை வைத்து ஏதோ சொல்ல வந்தவர், செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் மன்றக் கூட்டம். அவரே எழுந்தார்.

"நம்ம மச்சான் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டாச்சு. இனிமே அவர் கௌரவ ஆலோசகரா இருக்கட்டும். பாதுகாப்புப் பொறுப்பை நான் பாத்துக்கறேன்."

முதலில் கை தூக்கியதும் அவர்தான். பின்னாலேயே பதினேழு கைகள். எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே என் குழியைத் தோண்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் இல்லை. ஆய்வாளர்களுக்குக் கோபம் வராது. குறையைக் கண்டால் குறிப்பு எழுதுவோம்.

ஆலோசகருக்கு ஒரு வேலை வேண்டுமே என்று மேட்டு நிலையத்தில் கட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையை எனக்கு விட்டுவைத்தார்கள். பொம்மை வேலை. பதினான்கு அறிவுரைகளை மூன்றாக்கினார் மாப்பிள்ளை. அதையும் ஒரு பாட்டாக்கிவிட்டார். சனங்கள் சிரித்துக்கொண்டே காலை உள்ளே இழுத்தார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. அடிபடாதது அதிர்ஷ்டம், என் காலத்தில் அடிபடாதது ஒழுங்கு. இந்த வித்தியாசத்தை யாராவது காட்டியாக வேண்டியிருந்தது.

கட்டிலுக்கு நாலு கால்கள், ஐயா. மூன்று பரணில்தான் இருந்தன.

இரண்டாவது கட்டையைக் கடைய ஒன்பது நாள் ஆனது. அதே மரம், அதே சிவப்பு, அதே பித்தளை வளையம். முதல் கட்டையை மாப்பிள்ளை ஒருமுறை தண்டவாளத்தில் போட்டதில் ஒரு வடு இருந்தது. அதே இடத்தில், அதே ஆழத்தில் ஒரு வடு வைத்தேன். இதோ, பையில் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் அலமாரியில் முத்திரை போட்டு வைத்திருக்கும் கட்டையையும் எடுத்து மேஜையில் வையுங்கள். எது எது என்று சொல்லிவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். என்னாலேயே சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. குளத்தடியில் டீச்சர் நிஜக் கட்டையை வாங்கிக்கொண்டு ஆறு பயணிகளோடு கிளம்பிவிட்டார். ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சர், மிக ஒழுங்கானவர், நான் தயார் செய்த ஓட்டுநர். மேட்டில் மாப்பிள்ளை அப்போதுதான் கொட்டகையிலிருந்து எஞ்சினை வெளியே எடுத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. என் கையைப் பார்த்தால் போதும். என் கையில் சிவப்பாக இருந்தது.

என் கணக்கு எளிமையானது. உடனே அவரை அனுப்பினால் சுரங்கத்தைத் தாண்டிப் புல்வெளியில் டீச்சரைச் சந்திப்பார். நூறடி தூரத்திலேயே ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இருவரும் பிரேக் போடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு வண்டி ஒரே தடத்தில் எப்படி வந்தது என்று மன்றம் நடுங்கும். மாப்பிள்ளை பொறுப்பில் இப்படி ஆனதே என்று என்னைத் தேடி வருவார்கள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்வேன். அவ்வளவுதான் நான் விரும்பியது.

கட்டையை நீட்டினேன். மாப்பிள்ளை வாங்கவில்லை. பயணிகள் பக்கம் திரும்பினார்.

"இவர்தான் நம்ம ரயிலோட முதல் மாஸ்டர். மச்சான், இன்னைக்கு உங்க பதினாலையும் சொல்லுங்க. இவங்க கேக்கட்டும். அப்புறம்தான் வண்டி."

"எதுக்கு மாப்பிள்ளை, நேரமாச்சு."

"அட, சும்மா பிகு பண்ணாதீங்க. உங்க வாயால கேட்டு எவ்ளோ நாளாச்சு. ஒன்பது நிமிஷம் வேண்டாம், ஒரு நிமிஷத்துல முடிச்சிடுங்க, எல்லாருக்கும் பசிக்கும்."

பின்பெட்டியில் இருந்த தையல்காரர் சிரித்துவிட்டு, "கேட்டுத்தான் பாப்போமே" என்றார். ஒரு மனுஷனை ஆறு மாதம் மூலையில் உட்காரவைத்துவிட்டு, பத்துப் பேருக்கு முன்னால் பேசு என்றால் என்ன செய்வான். பேசினேன். நன்றாகவே பேசினேன். ஏழாவது அறிவுரையில், அதாவது சுரங்கத்துக்குள் காலை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற இடத்தில், தூரத்தில் டீச்சரின் விசில் கேட்டது. சுரங்கத்தின் அந்தப் பக்க வாயில் ஊதும் விசில். அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: இரண்டு நீளம், ஒரு குட்டை.

மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கலாம். அவர் எஞ்சின் சீறிக்கொண்டிருந்தது, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். தவிர, கட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதன் பிறகு காது எதற்கு.

மீதி ஏழையும் நான் சொல்லவில்லை. "போதும், கிளம்புங்க" என்றேன். கட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நெற்றியில் தொட்டு, எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

"போய்ட்டு வரேன் மச்சான்."

"போய்ட்டு வாங்க மாப்பிள்ளை."

சத்தத்தை வர்ணிக்கப்போவதில்லை. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன் என்று ஊருக்கே தெரியும். இதில் கூட்ட ஒன்றும் இல்லை. ஓடிப்போய் முதலில் சேர்ந்தவன் நான். சுரங்கம் முழுக்க நீராவி. மாப்பிள்ளை எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. "மச்சான், கட்டை இருந்துச்சே" என்றார். அவர் விரல்களைப் பிரித்து அதை எடுத்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டேன். அப்புறம்தான் எஞ்சினைத் தூக்க ஆள் கூப்பிட்டேன். நடுவில் ஒரு நிமிஷம் போயிருக்கும். மருத்துவர்கள் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள்.

ஒன்பது பேருக்குக் காயம். டீச்சருக்கு மணிக்கட்டு. தையல்காரருக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. காலை ஒட்டி வைக்கச் சொல்லியும் அவர் வைக்கவில்லை. இப்போது மோட்டார் வைத்த தையல் இயந்திரங்கள் வந்துவிட்டன, மிதிக்கவே வேண்டாம் என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஏதோ சிவப்பாகக் கொடுத்ததைப் பார்த்ததாகப் பயணிகள் இருவர் உங்களிடம் சொன்னார்கள். சுருட்டிய சிவப்புக் கொடி, நிறுத்தத்தான் நீட்டினேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார் என்று நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இடத்தில் கிடைத்தது ஒரே கட்டை, டீச்சருடையது. கட்டை இல்லாமல் நுழைந்தவர் பல் மருத்துவர் என்று ஆனது.

தினமும் மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன்; அவர் இரண்டு கையிலும் கட்டு. முதல் வாரம், "நீங்கதானே மச்சான் குடுத்தீங்க" என்றார். "இல்ல மாப்பிள்ளை, தலையில அடிபட்டா இப்படித்தான் கலங்கும்" என்றேன். இரண்டாவது வாரம் கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மூன்றாவது வாரம், "நான்தான் அவசரப்பட்டுட்டேனோ" என்று கேட்டுவிட்டு அழுதார். ஒரு சுளையை வாயில் வைத்தேன். மறுநாள் நீங்கள் போய் அவருடைய வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டீர்கள். கட்டு போட்ட கையில் பெருவிரல் ரேகை. வழக்கு அவர்மேல். குணமானதும் சிறை என்றார்கள்.

அன்று தங்கை என்னை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நிறுத்தினாள்.

"அண்ணா, உனக்கு ஒண்ணு சொல்லணும். அவர் சத்தியம் வாங்கியிருந்தாரு, அதான் சொல்லல. போன வருஷம் குளத்தடில தடம் மாத்தற கம்பியைப் பாதில விட்டுட்டு நீ தூங்கிட்டே. வண்டி வந்துட்டிருந்துச்சு. இவர் குறுக்க ஓடிப்போய் நிறுத்தினாரு. முழங்காலெல்லாம் ரத்தம். எங்கிட்ட 'விழுந்துட்டேன்'னாரு. அப்புறம்தான் உண்மையச் சொன்னாரு. 'மச்சானுக்குத் தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாரு. மரியாதையா உக்கார வச்சிடலாம்'னாரு. உன்னைக் காப்பாத்தின மனுஷன் இன்னைக்கு இப்படிக் கெடக்கறாரு. உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லேன் அண்ணா."

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கிப் போனாள். அந்தப் படிகளில் அது ஆபத்து.

ஆனால் நான் இன்று வந்தது அதற்காக இல்லை. தங்கைக்காக, மாப்பிள்ளைக்காக என்று எழுதிவிடாதீர்கள். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். பதினோராம் பக்கம். "கட்டை முறை அடிப்படையிலேயே குறைபாடுடையது, ஓட்டுநர் கட்டை இல்லாமல் நுழைவதை அது தடுக்கவில்லை, இம்முறையைக் கைவிடப் பரிந்துரைக்கிறோம்." இரவு முழுக்க அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட பொய். அன்று எந்த ஓட்டுநரும் கட்டை இல்லாமல் நுழையவில்லை. இரண்டு பேர் கையிலும் கட்டை இருந்தது. முறை சொன்னபடியே இருவரும் நடந்தார்கள். அதை உடைக்க வேண்டுமென்றால் அதே கட்டிலின் கால் வேண்டும், ஒன்பது நாள் வேண்டும், என் கை வேண்டும்.

டீச்சர் வருவது தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பதினோராம் பக்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள். என் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்புப் பொறுப்பில் நான் இல்லை, அவர்தான் இருந்தார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.