திரைக்குக் கீழே ஓடும் எழுத்து

பழைய ஜப்பானியப் படங்களில் மழை நன்றாகப் பெய்யும். எங்கள் பெரம்பலூர் பக்கம் அப்படி ஒரு மழையைப் பார்த்துப் பல வருஷமாகிறது. அந்த மழைக்காகத்தான் முதலில் அந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் நிதானமாகத்தான் சொல்லப் போகிறேன். எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல்லச் சொல்ல எழுத வைத்தே காலத்தை ஓட்டியவன்.

நீங்கள் சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன்னால் அந்த டிவிடி பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த மணிமாறனை எனக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு செல்போன் கடையில்தான் பழக்கம். கடைக்காரர் நிஜாமுதீன், லெப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவர் அறையில் கூட இருந்த ஒருவருக்கு சினிமாப் பைத்தியம். அவர் காப்பி போட்டுக் கொடுத்த டிஸ்க்குகள் கடை மூலையில் கிடந்தன. அதில் சில கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படங்கள். ஒன்றை எடுத்து நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீசார்ஜ் செய்ய வந்த மணிமாறன் எட்டிப் பார்த்தான்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியுமா சார்?"

"கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். எனக்குப் புரியும்."

"அப்ப உங்க வூட்டுக்கு வரேன் சார். நீங்க படிச்சுச் சொல்லுங்க, நான் பாக்கறேன்."

என் மனைவி அப்போதுதான் தவறியிருந்தாள். பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு அந்த நேரத்தை நினைத்தாலே பயம். வெள்ளிக்கிழமையே பயம் ஆரம்பித்துவிடும். அதனால் வாருங்கள் என்றேன். அவனும் வந்தான், வாராவாரம் வந்தான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது நிற்கிற ஆங்கிலம். கரும்பலகையில் எழுதி வைத்தால் எழுவாய், பயனிலை என்று பிரித்து மேய்ந்துவிடுவேன். ஓடுகிற ஆங்கிலம் வேறு. முதல் வரியை எழுத்துக் கூட்டுவதற்குள் மூன்றாவது வரி வந்து நிற்கும். முதல் நாள் பார்த்த படத்தில் ஒரு படகோட்டி. அவனுக்கு ஒரே மகள். அவள் மூட்டையோடு அக்கரைக்குக் கிளம்புகிறாள். நல்ல மழை. அப்பன் ஏதோ சொன்னான். எழுத்து வந்தது, போய்விட்டது.

"என்ன சார் சொல்றாரு?" என்றான் மணிமாறன்.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கிழவனின் முகத்தைப் பார்த்தேன். "நீ படிச்சுட்டு வா. படகு எங்கேயும் போயிடாது, நானும் எங்கேயும் போயிட மாட்டேன்னு சொல்றாரு" என்றேன்.

மணிமாறன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அத்தனை வருஷ வாத்தியார் வேலையில் என் வாய்ச்சொல்லுக்காக ஒருவரும் கண்ணீர் விட்டதில்லை. அடி வாங்கி அழுதவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்து வசனம் சொன்னேன். அவன் கேட்டான். வீட்டுக்குப் போய் மனைவி வீரம்மாளிடம் சொன்னான், ஆலையில் சொன்னான். அவன் மகள் பூவிழி பிளஸ் டூ முடித்ததும் மாமன் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள். இவன் முடியாது என்று சொல்லிவிட்டு, திருச்சியில் பி.ஏ. ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். "அந்தப் படகோட்டி சொன்னாருல்ல சார், அப்பறம் எப்படி நான் புள்ளையப் புடிச்சு வைக்கறது?" என்றான். நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு பெண் கல்லூரிக்குப் போனாள். இதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் மணிமாறன் பெரிய சந்தோஷத்தோடு வந்தான். வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமானாகத்தான் இருக்கும். அப்படி யாரோ ஒருவர் கையில், துபாய் அறைக்காரர் தன்னுடைய அசல் டிவிடி பெட்டியை நிஜாமுதீனுக்கு அனுப்பிவிட்டாராம். நாங்கள் பார்த்த படங்கள் அத்தனையும் அதில் இருக்கிறதாம்.

"நம்ம டிஸ்க்கெல்லாம் கீறல் விழுந்து நின்னு நின்னு ஓடுது. வாங்கலாமான்னு பாக்கறேன் சார். நீங்க என்ன சொல்றீங்க?"

"வாங்கி எங்க வச்சுப் பாக்கப் போற? எங்கிட்ட இருக்கறதே போதுமே."

"என் வூட்டுலதான் சார். பொங்கலுக்குப் பூவிழி வரா. இப்பல்லாம் இங்கிலீஷ் சும்மா தண்ணியாட்டம் படிக்கறா. அவ படிச்சுச் சொல்லட்டும். எனக்காக எத்தனை வருஷமாத் தொண்டை வத்திப் போயிட்டீங்க. ஒரு தடவை நீங்களும் வாயை மூடிக்கிட்டு நிம்மதியாப் படம் பாருங்க."

அவன் அன்போடுதான் சொன்னான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். நிஜாமுதீன் பெட்டியை எடுத்து வைத்தார். கனமான கறுப்பு அட்டைப் பெட்டி. மேலே நரைத்த தலைமுடியோடு ஒரு கிழவன் மழையில் நின்றிருந்தான். பயத்தில் நான் அதையே உற்றுப் பார்த்ததை ஆசையில் பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். வாங்குவதா, வேண்டாமா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் வாங்கி என் வீட்டில் வைத்தால், பூவிழியும் அப்பாவோடு கிளம்பி வருவாள். வாங்காவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போகும். வாங்கி உடைத்துப் போடலாம் என்றும் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லலாம். கடைசியில் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மன்னிச்சுக்கங்க சார். மணிமாறனுக்கு வாக்கு குடுத்துட்டேன். இன்ஷா அல்லா, பொங்கலன்னைக்கு எடுத்துக்கறேன்னாரு."

"இது அந்த ஊரு டிஸ்க்கு பாய். நம்ம பிளேயர்ல ஓடாதே."

"தெரியும் சார். அதான் அங்கேர்ந்து பிளேயரையும் சேத்தே அனுப்பிட்டாங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. மணிமாறன் என்னைத் திட்டுவான் என்று நான் பயப்படவில்லை. திட்டுகிறவன் இல்லை அவன். ஒன்றும் சொல்லாமல் வருவதை நிறுத்திவிடுவான். இல்லாவிட்டால், எப்போதும் போல வந்து உட்கார்ந்து, நான் வசனம் சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டுவான். அவன் தலையாட்டுவதை நினைத்தபோதுதான் அதிகம் பயந்தேன். அவனுக்காகவும் பயந்தேன் ஐயா. அத்தனை படங்களும் ஒரே மத்தியானத்தில் அவனுக்கு இல்லாமல் போய்விடுமே.

இனி சுண்ணாம்பு.

எறையூரில் சில வீடுகளில் பொங்கலுக்கு முன்னால் இன்னும் கல் சுண்ணாம்பு வாங்கித்தான் வெள்ளையடிக்கிறார்கள். கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதித்து வெடித்துக் குழம்பாகிவிடும். அந்தச் சமயத்தில் எல்லாரும் தள்ளித்தான் நிற்பார்கள். போகிக்கு முந்தின நாள் காலை நான் அங்கே போயிருந்தேன். மணிமாறன் கொல்லையில் பானையோடு நின்றிருந்தான். வீரம்மாள் உள்ளே சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பூவிழி திருச்சியிலிருந்து சாயங்காலம்தான் வருவதாக இருந்தது.

பானை பொங்கித் தெறித்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு வீரம்மாள் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தண்ணி ஊத்தாதீங்க. சுண்ணாம்புல தண்ணி பட்டாக் கொதிக்கும். கண்ணு வெந்து போயிடும். துணியால கட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு கொதிப்பதை அவள் வருஷா வருஷம் பார்க்கிறவள். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்கிறவர்கள். அதைச் சொன்னதோ ஒரு வாத்தியார். குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். துணியால் கண்ணைக் கட்டினார்கள். வேனில் போகும் வழியெல்லாம், "தண்ணி ஊத்துங்க, எரியுது" என்று அவன் கெஞ்சினான். "கொஞ்சம் பொறுத்துக்க மணி" என்று நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, "உடனே கழுவியிருந்தாப் பார்வை தப்பிச்சிருக்கும், ஏன் கழுவலை?" என்று சத்தம் போட்டார். "எங்களுக்குத் தெரியலைங்க" என்று வீரம்மாள் அழுதாள். நான் சொன்னேன் என்று அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தார் அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஓர் எச்சரிக்கை அட்டை தொங்கும். கண்ணில் எந்த மருந்து தெறித்தாலும் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை கிடையாது.

தள்ளி நிற்கிறவன் முகத்தில் எப்படித் தெறித்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. "அடியில ஒரு கல்லு வேகாமக் கெடக்கு போல, குனிஞ்சு பாரு மணி" என்று சொன்னேன். அவன் குனிந்ததும் என் கையிலிருந்த வாளித் தண்ணீரை மொத்தமாகப் பானைக்குள் கொட்டினேன். இதையெல்லாம் வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டுதான் எறையூர் பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் பயமாகத்தான் இருந்தது. வாளியைத் தூக்கும்போது மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்த படங்களையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். இனி அவனுக்குப் படம் என்றால் என் குரல்தான் என்று நினைத்தேன். எழுத்தைப் படிக்கக் கண்ணுள்ள இன்னொரு ஆள் போதும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. என் பயமெல்லாம் அவன் கண்ணைச் சுற்றியே நின்றுவிட்டது.

பூவிழி கல்லூரிக்குத் திரும்பவில்லை. அப்பா ஆசைப்பட்டாரே என்று அவளே போய் நிஜாமுதீனிடம் அந்தப் பெட்டியையும் பிளேயரையும் வாங்கி வந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று போனேன். வீரம்மாள் காபி கொடுத்தாள்.

படகோட்டி படம்தான் முதலில் போட்டார்கள். பூவிழி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். வேகமாகவும் சொன்னாள், தெளிவாகவும் சொன்னாள். நல்ல வாத்தியார் யாரிடமோ படித்திருக்கிறாள். மணிமாறன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கேட்டான். மகள் மூட்டையோடு கிளம்பும் இடம் வந்தது. மழைச் சத்தம்.

"மழை வலுக்குது. கூரை ஒழுகும், அரிசிப் பானையை நகத்தி வச்சுட்டுப் போ" என்று வாசித்தாள் பூவிழி.

"தப்பா வாசிக்கிறம்மா" என்றான் மணிமாறன். "அந்த எடத்துல அவரு அதைச் சொல்ல மாட்டாரு. நீ படிச்சுட்டு வா, படகு எங்கேயும் போயிடாதும்பாரு."

அவள் பின்னால் ஓட்டி மறுபடி வாசித்தாள். அதே அரிசிப் பானைதான் வந்தது. படத்தை நிறுத்தினாள். தன்னைக் கல்லூரிக்கு அனுப்பும்போது அப்பா சொன்ன அந்த வார்த்தை அவளுக்கும் மனப்பாடம். அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். படத்தைப் பற்றித்தான் கேட்பாள் என்று ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"சார், அன்னைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானாமே?"

மணிமாறன்தான் அவளுக்குப் பதில் சொன்னான். நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்புவதாக நினைத்துக்கொண்டு பீரோவைப் பார்த்துச் சொன்னான்.

"சார் சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும். நீ இப்பதானே படிக்கற. அவரு எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தவரு."

நீங்களே பாருங்கள். அசல் பெட்டி வந்தது, அசல் எழுத்து வந்தது, பெற்ற மகளே வாசித்தாள். அப்போதும் அவன் என் படத்தைத்தான் வைத்துக்கொண்டான். இது தெரிந்திருந்தால் நான் அந்த வாளியைத் தூக்கியிருக்கவே வேண்டாம். சரி, அதை விடுங்கள்.

புகார் கொடுத்தது அந்தப் பெண்தான். சின்னப் பெண், கோபம் இருக்கும். மணிமாறனுக்கு என்மேல் ஒரு குறையும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவனையே வரச் சொல்லிக் கேளுங்கள் ஐயா. அவனால் தனியாக வர முடியாது. நானே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.