குமிழ் ஐந்தில்தான் இருந்தது

ஐயா,

சென்ற மாத விசாரணையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் அதைச் சரியாக எழுதிவிட்டால் மற்றது தானாக வரும் என்று எங்கள் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் நீங்கள். உங்கள் வலப்பக்கம் காது மருத்துவர். எதிரே என் அத்தான், நம் ஒலிப்பதிவு நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாட்டுக்கு மிக்ஸிங் செய்தவர். அவரை ஒட்டி என் அக்கா. நீங்கள் கேட்பதையெல்லாம் தாளில் எழுதி அவருக்குக் காட்டுவதற்காக. கருவிகளைப் பழுது பார்க்கிறவன் என்பதால் நான் சுவரோர ஸ்டூலில். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அறிக்கை நேற்று கிடைத்தது. அத்தானின் இரண்டு காதும் போனதற்கு வயதே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'அவருடைய ஹெட்போனுக்கு ஒலி கூட்டும் பெட்டியின் குமிழ் ஐந்தில்தான் இருந்தது' என்றும் ஒரு வரி. அந்த வரி சரி. காரணம் தவறு. தவறான அறிக்கை கோப்பில் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

குமிழை ஐந்தில் வைத்து அதன்மேல் டேப் ஒட்டியிருந்தவர் அத்தானேதான். "என் அஞ்சு எப்பவும் அஞ்சுதான். எவனும் கை வைக்கக் கூடாது" என்பார். தன் காதைவிட அந்த எண்ணை அதிகம் நம்பினார். நானும் குமிழில் கை வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளேதான் வைத்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிவில் மெல்லிய உறுமல் கேட்கிறது என்று சொன்னேன். வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், நீங்களும் இருந்தீர்கள். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மச்சான், உனக்குக் காது குடுத்திருக்கறது கண்ணாடி மாட்டிக்க. நீ போய் ஒயரைச் சுத்து" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீங்கள் சற்று அதிக நேரம். உறுமல் இருந்தது. மறுநாள் தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டார். சத்தம் போடுகிற ஆள் நான் இல்லை.

காதைப் பற்றி ஒன்று தெரிந்தால் மற்றது எளிது. ஓர் ஒலி இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சக்தியை ஏறக்குறைய பத்து மடங்கு தர வேண்டும். வெறுமனே இரட்டிப்பாக்கினால், கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று தோன்றுவதோடு சரி. கேட்கிறவருக்குத்தான் அது கொஞ்சம். காதுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற நுண்ணிய உறுப்புகள் வாங்குவது முழு அடி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பராமரிப்பு நாளில், பெட்டிக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சக்தி இரு மடங்கு. முதல் முறை அத்தானின் முகம் மலர்ந்தது.

"என்ன மச்சான் பண்ணின? பாட்டு அப்படியே திறந்துக்கிச்சு."

"தூசி தட்டினேன் அத்தான்."

"அப்பப்ப தட்டு."

தட்டினேன். நான்காம் மாற்றத்துக்குப் பிறகு காதுக்குள் யாரோ விசிலடிக்கிறார்கள் என்றார். தூக்கம் போதவில்லை என்றேன். ஐந்தாவதுக்குப் பிறகு அவர் மகள் என்னிடம் வந்தாள், ஆறு வயது. "மாமா, அப்பா என்கிட்ட டூ விட்டுட்டாரு. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாரு." பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழு என்று சொல்லிக் கொடுத்தேன். இழுத்தாள், திரும்பினார். அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரம்தான் ஆறாவது மாற்றம்.

ஆறு மாற்றத்தில் சக்தி அறுபத்து நான்கு மடங்கு. நல்ல காதுக்கே அது மூன்றரை மடங்காகத்தான் கேட்டிருக்கும். மங்கிக்கொண்டிருந்த காதுக்கு அதுவும் இல்லை. சத்தம் அதிகம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றே குறைத்திருப்பேன்.

அவர் வேலையிலிருந்து நின்ற மறுநாள் பழைய ரெசிஸ்டரையே திரும்பப் பொருத்தினேன். உங்கள் சோதனையில் பெட்டி சரியாக இருந்தது அதனால்தான். மாற்றிப் போட்ட ஆறையும் தேதி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிழை இருக்கிறதா என்று பார்க்க, இதுவரை எழுதியதை அத்தானின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாய்விட்டு வாசித்தேன். என் வழக்கமான குரலில்தான். அவர் செய்தித்தாளில் ஒரு பக்கம் திருப்பினார்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் இப்போதெல்லாம் கடைக்கும் தபாலுக்கும் அவர்தான் போகிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "மச்சான், தபால் ஏதாவது இருக்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரிவதில்லை. உறையை ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேலே உங்கள் பெயரைப் பார்த்து, அவருக்காகப் பரிந்து எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு அவர்மேல் கோபம் ஏதும் இல்லை. ஆனால் இவ்வளவு சத்தம் போடுகிற மனிதரோடு ஒரே வீட்டில் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.