சிவப்புத் துணி கட்டிய கயிறு

படகு வைத்திருப்பவர்கள் கடலைப் பார்ப்பதே இல்லை அம்மா, படகின் அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். வருஷத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை பாய் விரிப்பவர்கூட, அடியில் இரண்டு சிப்பி ஒட்டியிருந்தால் பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டதுபோல் பதறுவார். அந்தப் பதற்றம்தான் என் பிழைப்பு. படகைக் கரைச் சரிவில் ஏற்றி, ஒட்டியதைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடி தண்ணீரில் இறக்குவோம். சுரண்டிய தூளை எங்கே போட்டாய் என்று விசாரணையில் கேட்டீர்கள். எங்கேயும் போடவில்லை. தண்ணீர் பீய்ச்சினால் சரிவு வழியாக அதுவே கடலுக்குப் போய்விடும்.

நான் வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பல்வலி வந்தால்கூட, டாக்டரிடம் பேரம் படிந்த பிறகுதான் வாயைத் திறப்போம். அங்கே நான் கற்றது ஒன்றுதான். வாங்க வருகிறவர் எதைக் கேட்கிறார் என்பதைவிட, எதைக் கேட்காமல் விடுகிறார் என்று கவனிக்க வேண்டும். ஒரு வக்கீல் வருவார். படகின் பின்பக்கம் திமிங்கலப் படம், அதன் கீழே கடலைக் காப்போம் என்று வாசகம்.

"இது கடலுக்குக் கெடுதல் இல்லாத பெயிண்ட்தானே?"

"டப்பா மேல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"வேகம் குறையாதே?"

"போன வருஷத்தவிடக் கூடும்."

"அப்ப அடிங்க. மத்ததெல்லாம் உங்க பாடு."

டப்பா புதுசு. உள்ளே இருந்தது வெள்ளீய விஷம் கலந்த பழைய சரக்கு. அதற்குத் தடை வந்து வெகுகாலமாகிறது. தடை செய்த பொருளிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அது சொன்ன வேலையைச் செய்யும். மற்றவர்கள் அடித்த பெயிண்டில் அடுத்த பருவமே பாசி பிடிக்கும். என்னுடையதில் ஒரு பூச்சிகூட உட்காராது. குடாவில் நின்ற உல்லாசப் படகெல்லாம் என் சரிவுக்கு வந்ததில் அதிசயம் இல்லை.

என் தங்கையின் கணவர் அதே குடாவில் சிப்பி வளர்த்தார். தெப்பங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிடுவார். தண்ணீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் அவற்றில் ஒட்டி வளரும். ஒரே குடும்பத்தில் ஒருவனுக்கு ஒட்டாமல் இருந்தால் சோறு, இன்னொருவனுக்கு ஒட்டினால் சோறு. கல்யாணப் பந்தலில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், நல்ல மனுஷன்.

சில வருஷங்களில் பாறைகளில் இருந்த நத்தைகள் காணாமல் போயின. யாரும் நத்தைக்காக அழவில்லை. பிறகு அவருடைய கயிறுகளில் குஞ்சு ஒட்டுவது குறைந்தது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய தெப்பங்கள் அவை. ஒருநாள் பட்டறைக்கு வந்து, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"மச்சான், தண்ணியில என்னமோ இருக்கு."

"உப்பு இருக்கும் மாப்ள."

"விளையாடாதீங்க. எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். மூணு இடத்துல கயிறு கட்டப் போறேன். குஞ்சு எங்க ஒட்டுதோ அங்க தண்ணி சுத்தம்."

படித்தவர்கள் யாரிடமும் போகாமல் என்னிடம் வந்தார். கடலில் என்ன ஒட்டும், என்ன ஒட்டாது என்று என்னைவிடத் தெரிந்தவன் யார் இருக்கிறான்? தங்கை பழைய துணியைக் கிழித்து அடையாளம் கட்டிக் கொடுத்தாள். சிவப்பு என் பட்டறை முன்னால், மஞ்சள் அவருடைய தெப்பத்தருகே, நீலம் குடாவின் வாயில், திறந்த கடல் பக்கம்.

கயிறுகளை எடுக்கிற சமயத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நானே போய் எடுத்துவந்தேன். உதவிதான். நீலக் கயிற்றில் குஞ்சுகள் எள் கொட்டியதுபோல் அப்பியிருந்தன. மஞ்சளில் அங்கொன்று இங்கொன்று. சிவப்பு, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியதுபோல் இருந்தது. என் சரக்கின் தரத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது, வெளியே காட்டத்தான் முடியாது. ஆகவே சிவப்புத் துணியையும் நீலத் துணியையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

என் கணக்கு நியாயமானது. கெடுதல் கடலிலிருந்து வருகிறது என்று நினைப்பார், தலையெழுத்து என்று தொழிலை விடுவார், என் பட்டறையில் சேருவார். அவருக்கு மேஸ்திரி வேலை தயாராக வைத்திருந்தேன். தங்கை வீட்டுக்கு மாதச் சம்பளம் வரும். அவர் அப்படி நினைக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? கயிறுகளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தங்கம் உங்க வாசல்லயே கெடக்கு. தெப்பத்தையெல்லாம் இங்க கொண்டாந்துடட்டுமா?"

"உங்க இஷ்டம் மாப்ள" என்றேன்.

வா என்று நான் சொல்லவில்லை. தெப்பங்களை இழுத்துவர என் படகைக் கொடுத்தேன், டீசல் காசுகூட வாங்கவில்லை.

அந்தப் பருவம் ஒன்றும் ஒட்டவில்லை. பழைய கயிறுகளில் மிச்சம் இருந்த சிப்பிகளும் வாய் பிளந்து செத்தன. வங்கியிலிருந்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தெப்பத்துக்கு அடியில் சேறு கெட்டிருக்கும், எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொண்டு, நல்ல பகல் வெளிச்சத்தில், என் சரிவுக்கு எதிரே முழுகினார்.

நான் கரையில் பிரஷோடு நின்றிருந்தேன். குமிழிகள் வந்துகொண்டிருந்தன, வேலை நடக்கிறது என்று நினைத்தேன். ஒரு கயிறு வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. குமிழிகள் நின்றபோது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பெயிண்ட் காய்வதற்குள் ஒரே சீராக இழுக்க வேண்டும் அம்மா, பாதியில் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

காலில் கயிறு சுற்றியிருந்தது. பாட்டில் கையில் இருந்தது, நிறையச் சேறு. அதைக் கொட்டி, நன்றாகக் கழுவி, தங்கையிடம் கொடுத்தேன். கெட்டியான பாட்டில், வீணாகக் கூடாது.

அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த அந்த மூன்று கயிறுகளையும் மடியில் போட்டுக்கொண்டு துணிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். மஞ்சளைத் தடவினாள், பிறகு சிவப்பை, பிறகு நீலத்தை.

"அண்ணா, மஞ்சள் நான் போட்ட முடிச்சு. இது ரெண்டும் என் முடிச்சு இல்ல. இது பட்டறை முடிச்சு."

படகு கட்டிப் பழகிய கை, வேறு முடிச்சு போடத் தெரியவில்லை. அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசினாள்.

பட்டறைக்குச் சீல் வைத்தீர்கள், வையுங்கள். ஆனால் சேற்றில் இறங்கியது இறங்கியதுதான். அது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கசிந்துகொண்டிருக்கும். தோண்டி எடுத்தால் கலங்கி இன்னும் பரவும். படகுகள் பக்கத்துக் குடாவுக்குப் போய்விட்டன. வக்கீலும் அங்கேதான் என்று கேள்விப்பட்டேன், அங்கேயும் அந்த இரண்டே கேள்விதான் கேட்டாராம்.

எழுதிக்கொள்ளுங்கள். விஷத்தைக் கடலில் விட்டது நான். துணியை மாற்றிக் கட்டியது நான். கயிறு இழுபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி மட்டும். நீங்கள் சீல் வைப்பதற்கு முன்னால், மாப்பிள்ளையின் படகை ஏற்றி, என் செலவில் இரண்டு கோட் அடித்து வைத்திருக்கிறேன், இருந்ததிலேயே நல்ல சரக்கு. இனி அதன் அடியில் எந்த உயிரும் ஒட்டாது என்று தங்கையிடம் சொல்லுங்கள். கேட்டால் அவள் மனசு ஆறும்.