பெட்டி முதலில் புறப்பட்டது

வில்லியனூரில் நான் காலை ரயில் ஏறியதும், எதிர்ப் பலகையில் ஓர் அண்ணனும் தங்கையும் வந்து உட்கார்ந்தார்கள்.

"என் பொட்டி வெள்ளிக்கெழமையே சைகோனுக்குக் கெளம்பிடுச்சிண்ணா. நான்தான் இன்னும் இங்க குந்திக்கினு இருக்கேன்" என்றாள் தங்கை.

சைகோனில் இருக்கும் கணவனிடம் போகிறாள் என்று பேச்சில் தெரிந்தது. நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கப்பல் ஏஜெண்டு கடையில் வைத்திருக்கிறார்கள். பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக எங்கள் பக்கத்தில் கணக்கு.

"அப்புறம் இன்னாத்துக்குடி ஏஜெண்ட மாத்தின?"

"அந்தாளு பொம்பளத் தொணை இல்லேன்னுட்டான். தொணை இல்லாம அனுப்ப மாட்டேன்னு மாமியா ஒரே புடி. புது ஏஜெண்டுகிட்ட பாகூர்க் குடும்பம் ஒண்ணு சீட்டு வாங்கியிருக்கு. அதுல மூணு பொம்பளைங்க. அதே கப்பலு, அதே புதங்கெழமைதான், ஆனா இவன்கிட்ட சீட்டு வாங்குனாத்தான் அவங்க பக்கத்துல எடம்."

"சரி, பழைய கடையிலேர்ந்து பொட்டிய வூட்டுக்குக் கொண்டாந்துடலாம்."

"வூட்டுக்கா? பொட்டி திரும்பி வந்தா பயணம் கலைஞ்சிபோச்சின்னு என்னியும் நிறுத்திடுவாங்க. மூணு வருசம் காத்துக்கினு இருந்தது இதுக்கா? நேரா புதுக் கடைக்குத் தூக்கு."

"அங்க எடமில்லேன்னா?"

"பொட்டி மேலயே படுத்துக்கிறேன். புதங்கெழமை வந்து எழுப்பு."

அண்ணன் சிரித்துவிட்டான். நானும் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொட்டி கடை மாறினத மாமியாகிட்ட சொல்லுவியா?"

"போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்."

"புதுக் கடைக்கா?"

"சைகோனுக்கு" என்றவள், புதுச்சேரியில் வண்டி நிற்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.