பெரியப்பாவின் கை

உங்கள் மின்விசிறியில் லேசாக ஒரு சத்தம் வருகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் வற்றியிருக்கிறது, இரண்டு சொட்டு விட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும். பத்தொன்பது வருடம் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவன், காது தானாக அங்கே போய்விடுகிறது. டீ நன்றாக இருக்கிறது. அடுத்த அறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்த வடிவமைப்பாளர் பெண், அவளுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள். குகைக்குள் இருந்த கையை அவள்தான் வைத்தாள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவள் வைக்கவில்லை. நான் வைத்தேன். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன்.

எங்கள் கேளிக்கைப் பூங்காவிலேயே பழைய ரைடு, பூதக் குகை. நாலு பேர் உட்காரும் சின்ன வண்டி இருட்டுக்குள் நுழையும், தண்டவாளத்தில் மெதுவாக ஊர்ந்து, ஐந்து வளைவு திரும்பி வெளியே வரும். மூன்றாவது வளைவில் ஒரு பெரிய பூதம் நிற்கும். முகம் பயங்கரம்தான். ஆனால் யாரோ ஒரு குறும்புக்காரன் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெரியப்பாவின் வலது கை தண்டவாளத்தை நோக்கி நீண்டிருக்கும். வண்டியில் வருகிறவர்கள் கையை நீட்டி அதன் விரலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தொட்டால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. ரப்பர் விரல், உள்ளே கயிறு. யார் பிடித்து இழுத்தாலும் வளைந்து கொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை விரல் தேய்ந்துவிடும். நான்தான் புதிது செய்து மாட்டுவேன்.

பெரியப்பாவின் குரலும் நான்தான். கட்டுப்பாட்டு அறையில் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியில் பேசுவேன். அடிக்கடி வருகிறவர்களின் விவரம் எனக்கு அத்துப்படி. யாருக்குப் பரீட்சை, யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, எல்லாம் தெரியும். "என்னப்பா, போன வாரம் ஆளையே காணோம், பெரியப்பாவை மறந்துட்டியா?" என்று இருட்டிலிருந்து கேட்டால் வண்டியே குலுங்கும்படி சிரிப்பார்கள். சிலர் அழுவதும் உண்டு. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நமக்கு என்ன செலவு? மனிதனுக்கு மனிதன் செய்கிற சின்னச் சின்ன உதவியில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். இப்போதும் நம்புகிறேன்.

பெரியப்பாவுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மைதான். நாற்பது பேர். செயலாளர் ஒரு தையல்காரர். என் சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருந்தால் வரிசையில் நிற்கும்போதே பையிலிருந்து ஊசியை எடுத்துவிடுவார். "அசையாம நில்லுங்கண்ணே, உங்களைச் சேர்த்துத் தைச்சிடப் போறேன்" என்பார். அப்படி ஒரு மனிதர்.

போன வருடம் நிர்வாகம் குகையை மாற்றப்போவதாக அறிவித்தது. பூதத்துக்குப் பதில் ஆழ்கடல். புது வண்டி, பழையதைப்போல் மூன்று மடங்கு வேகம். மன்றம் கொதித்துப் போனது. வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேணா மாத்தட்டும்ணே. அந்தக் கை இல்லாத குகைக்குள்ள நாங்க ஒருத்தரும் கால் வைக்க மாட்டோம். இது சத்தியம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அந்தச் சத்தியத்தை அப்படியே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

புதுக் குகைக்கு அமர்த்திய வடிவமைப்பாளர் பெண் கெட்டவள் இல்லை. மன்றத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். நாற்பது பேரும் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது காகிதத்திலும் கைதான் இருந்தது. அவளும் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கையை வரைந்து பார்த்தாள். உங்கள் ஆட்கள் ஆதாரம் என்று எடுத்து வைத்திருக்கிறார்களே, அந்தப் படம்தான். ஆனால் அந்த வேகத்தில் கை எட்டும் தூரத்தில் எதுவுமே இருக்கக் கூடாது.

அதைப் பார்ப்பது என் வேலை. கைச்சட்டம் என்று சொல்வோம். ஆறடி ஆள் கையை எல்லாப் பக்கமும் விரித்தால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அவ்வளவுக்கு மரத்தில் ஒரு சட்டம். அதை வண்டியின் இருக்கையில் கட்டி, ஒரு சுற்று தள்ளிக்கொண்டு போக வேண்டும். மர நுனி எதையாவது உரசினால் அந்தப் பொருளை நகர்த்தியாக வேண்டும். எங்கும் உரசவில்லை என்றால் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் ஜனங்களை ஏற்றலாம்.

அவள் கடைசியில் ஒரு யோசனை செய்தாள். மூன்றாவது வளைவில் மேலேயிருந்து வெளிச்சம் விழும். அந்த வெளிச்சம் ஒரு கையின் உருவத்தில், வருகிறவர்களின் உள்ளங்கையிலேயே வந்து படியும். தொட வேண்டியதில்லை, அதுவாகவே தொடும். என்னிடம் வந்து, "அண்ணா, உங்க குரலைப் பதிவு பண்ணிக்கலாமா? பெரியப்பா பேசுற மாதிரி ரெண்டு வரி போதும்" என்று கேட்டாள். பதிவு செய்த குரலுக்கு வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதே அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகம் வாடியது. நான் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தாருக்கு மட்டும் ஒரு முன்னோட்டம் வைத்தார்கள். ஒருவரும் ஏற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஏறினாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று வெளிவாசலில் போய் நின்றுகொண்டேன்.

நாற்பது பேரும் ஏறினார்கள். இறங்கும்போது கை தட்டினார்கள், மேடம். மன்றத்தில் ஒரு கணக்கு டீச்சர் உண்டு, எதற்கும் லேசில் மசியாதவர். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "சூடா இருந்த மாதிரியே இருக்குப்பா" என்றார். வடிவமைப்பாளர் பெண்ணைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தையல்காரர் கடைசியாக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நான் பயந்துக்கிட்டே போனேன். நல்லாத்தான் இருக்குண்ணே. பெரியப்பா பாவம், வயசாயிடுச்சு, ஓய்வு எடுக்கட்டும். நீங்களும்தான்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுதினால் அது தவறு. எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வந்தது. உண்மையில் இவர்கள் எதை விரும்பினார்கள் என்பதையே நிர்வாகம் ஒரு வெளிச்சத்தைக் காட்டி மறக்கடித்துவிட்டதே என்று தோன்றியது. அன்று வெகு நேரம் பிரார்த்தனை செய்தேன். எழுந்தபோது மனம் தெளிந்திருந்தது.

திங்கட்கிழமை கைச்சட்டத்தை வைத்துச் சுற்றி வந்தேன். எங்கும் உரசவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து நேர்மையானது.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலிருந்து பெரியப்பாவின் கையை எடுத்து வந்தேன். பழைய குகையைப் பிரித்தபோது குப்பையில் போடச் சொன்னார்கள், நான் பத்திரப்படுத்தியிருந்தேன். மூன்றாவது வளைவில், வலப்பக்கத் தூணில் பொருத்தினேன். கயிறு வைத்தால் வண்டி வரும் காற்றில் கை துவண்டு விழுந்தது, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதனால் உள்ளே இரும்புக் கம்பி கொடுத்தேன். பழைய இடத்துக்கும் இதற்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். வெளிச்சக் கையின் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு கை இருந்தால் ஜனங்கள் குழம்புவார்கள்.

எதையும் சரிபார்க்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கையுறையைக் கட்டி, உள்ளே கந்தலை அடைத்து, இருக்கையில் நீட்டி வைத்துக் கட்டினேன். வண்டியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். கட்டை இரண்டாக ஒடிந்து வந்தது. கையுறை பெரியப்பாவின் விரல்களிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பெருக்குகிற அம்மா துடைப்பத்தைத் தேடுவாரே என்று, அதற்குப் புதிதாக ஒரு கட்டை மாட்டி அதே மூலையில் சாய்த்து வைத்தேன்.

நேற்று புதன்கிழமை திறப்பு. முதல் வண்டி மன்றச் செயலாளருக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. தையல்காரர் மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார். தானே தைத்த புதுச் சட்டை. நான் அவரைத் தனியாக ஓரம் கட்டினேன்.

"மூணாவது வளைவுல பச்சை விளக்கு அணைஞ்சதும் வலது கையை நீட்டுங்க. நல்லா முழுசா நீட்டுங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் அப்படியே மலர்ந்தது. "எங்களுக்காகவாண்ணே? இவ்ளோ பாடுபட்டு... அன்னிக்கு நான் பேசுனது உங்களுக்கு வருத்தமாப் போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போய் உட்காருங்க."

நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஒலிவாங்கியை இன்னும் கழற்றவில்லை. பச்சை விளக்கு அணைந்தபோது, "வாப்பா, பெரியப்பா இருக்கேன்" என்றேன். அவர் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு வேறு சத்தம் கேட்டது. உடனே நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நான்கு நொடிக்குள் வண்டி நிற்க வேண்டும் என்பது விதி. மூன்று நொடியில் நின்றது.

முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அவருக்கு அது கத்தரி பிடிக்கிற கை.

அந்தப் பெண்ணைக் கூட்டிப்போனார்கள் என்று இன்று காலை கேள்விப்பட்டேன். வரைபடத்தில் கை இருக்கிறது, அதனால் வைத்தவளும் அவள்தான் என்கிறார்கள். வருத்தமாக இருந்தது. அந்தக் கையின் விரலில் அசல் மாதிரி ரேகை செதுக்கப் பழகவே எனக்கு நாலு வருடம் பிடித்தது, அவளுக்கு அதில் என்ன தெரியும்? இங்கே வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தையல்காரருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் பக்கத்தில் வரச் சொன்னார். "போலீஸ் வந்து கேட்டாங்கண்ணே. நானா ஆர்வக் கோளாறுல கையை நீட்டிட்டேன்னு சொல்லிட்டேன். உங்க பேரு வரலை. நீங்க ஆசைப்பட்டு வச்சீங்க, இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்தொன்பது வருஷம் எங்களைச் சிரிக்க வச்ச மனுஷன் ஜெயிலுக்குப் போகலாமா?"

நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பிரார்த்தனை செய்தேன். கையை இழந்தும் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை பாருங்கள். அவர் எதிர்பார்த்தது அவருக்குக் கிடைத்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குகையையும் மூடிவிட்டார்கள். ஆழ்கடல் இனி வராது என்றுதான் பேச்சு.

வராந்தாவில் அவர் மனைவி என் காலில் விழப் போனார். நான் தடுத்துத் தூக்கினேன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன் அவர்களுடைய மகள், ஆறு வயது, அப்பாவுக்குப் பின்னால் வலப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்துதான் எல்லாம் தெரியும் என்று அடம். அவளும் கையை நீட்டுவாள். அப்பா செய்வதையெல்லாம் செய்கிற குழந்தை. நான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி ஓடி வந்தேன். "பாப்பா, நீ அம்மாவுக்கு இந்தப் பக்கம் வந்துடு, தங்கம்" என்று தூக்கி இடப்பக்கம் வைத்தேன். கைப்பிடிக் கம்பியை நானே இறக்கி, இரண்டு முறை அசைத்துப் பார்த்தேன். "கடவுள்தான் உங்களை அனுப்புனாருண்ணே" என்று அந்தம்மா அழுதார்.

தையல்காரர் சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மத்தியானமே தெரியும். தெரிந்துதான் நீட்டச் சொன்னேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் நீதிபதி படிக்கும்போது என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது, மேடம். அதனால் குழந்தையைத் தூக்கி இடம் மாற்றி உட்கார வைத்தேன் என்பதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.