கண்ணாடித் துண்டில் எழுதிய திகதி

கண்ணாடி வெட்டுவது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல, ஐயா. ஹட்டனில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அளவைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் வெட்டித் தந்துவிடுவார்கள். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இடிபாட்டில் எடுத்த அந்தத் துண்டில் இருக்கும் திகதி நான் எழுதியதுதான். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் உங்களுக்கு விளங்கும்.

நானும் சுதாகரனும் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதற்காக இராசரத்தினம் மாஸ்டரின் பின்னறையை வாடகைக்கு எடுத்தோம். அறைக்குப் பின்னால் மண்மேடு. ஒப்பந்தம் என் பெயரில். ஆளுக்குப் பாதியாக ஆறு மாத வாடகையளவு பணத்தை முற்பணமாகக் கொடுத்தோம், பரீட்சை முடிந்து அறையைச் சேதமில்லாமல் ஒப்படைத்தால் அது திரும்பக் கிடைக்கும். அவனுடைய பாதி எங்கிருந்து வந்ததென்று நான் கேட்டதில்லை. என் பாதி அம்மாவின் தோடு. அடகு வைத்த நாளிலிருந்து காதுத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார். ஆகஸ்ட் முடிவதற்குள் மீட்காவிட்டால் தோடு ஏலத்துக்குப் போய்விடும். இது மட்டும்தான் எனக்கு முக்கியமாக இருந்தது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல, கறாரானவர். முதல் நாளே நான்கு சுவரையும் காட்டி, "எப்பிடித் தாறனோ அப்பிடியே திருப்பித் தரவேணும், தம்பியவை" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படிப்பட்டவன்தான்.

மே மாத மழையில் பின்சுவர் வெடித்தது. சட்டை மாட்ட நான் அடித்திருந்த ஆணியை ஒட்டி, கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு. மாஸ்டர் அந்த ஆணியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு அங்குல ஆணி ஒரு சுவரைப் பிளக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனால் முற்பணம் அவர் கையில் இருந்தது. அதனால் நியாயமும் அவர் கையில் இருந்தது.

அடுத்த வாரம் மண்மேட்டைப் பார்க்க ஒரு சிங்கள அதிகாரி வந்தார். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில். அவர் மனைவி குணபூசணி அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நான்தான் பேசினேன். அதிகாரி வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சீமெந்து பூசி, சிவப்பு மையால் 99.5.21 என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "வீதுருவ பிந்துனொத் எதாம கெதரின் யன்ன" என்றார். கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னார்.

மாலையில் மாஸ்டர், "என்னவாம், தம்பி?" என்று கேட்டார்.

"வெடிப்ப அளக்கிறதுக்காம், சேர். யாரும் தொடக் கூடாதாம்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மற்றப் பாதியைச் சொல்லியிருந்தால் அவர் எங்களை வெளியே அனுப்பியிருப்பார். இடையில் போனால் முற்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்.

"அது உடைஞ்சா உங்கட முற்பணத்திலதான் கழிப்பன்" என்றார் மாஸ்டர்.

அதிகாரி சொன்னதை நான் நம்பவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நம்பியிருந்தால் அதே அறையில் மூன்று மாதம் படுத்திருப்பேனா?

முதல் துண்டு இருபத்து நான்கு நாள் தாங்கியது. சுதாகரன் டியூசனுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் புதியதை ஒட்டினேன். சிவப்பு மைக்கு கியூடெக்ஸ் வாங்கினேன். எங்கள் வீட்டில் நகத்துக்குப் பூசுகிறவர்கள் யாரும் இல்லை, கடைக்காரியிடம் தங்கைக்கு என்றேன். அதே பழைய திகதியைத்தான் எழுதினேன். அதிகாரியின் ஒன்பதுக்கு வால் கொஞ்சம் நீளம். அதையும் அப்படியே போட்டேன். அடுத்த துண்டு பதினாறு நாள். அதற்கடுத்தது பதினொன்று. நான் கணிதப் பிரிவு மாணவன், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாட்களைக் குறித்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். என் கடைசிப் பேப்பர் வரைக்கும் சுவர் தாங்கும் என்று வந்தது. அதன் பிறகு ஒரு டசன் துண்டுகளை மொத்தமாக வெட்டி வாங்கிக்கொண்டேன். விலையும் குறைத்துத் தந்தார்கள்.

வெடிப்பு அகலமானபோது சுண்ணாம்பு குழைத்து அடைத்தேன். ஜூலையில் அதே அதிகாரி வந்தார். வாசலில் நின்றபடியே கண்ணாடியைப் பார்த்து, திகதியைப் பார்த்து, "ஹொந்தய்", நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் உள்ளே வந்து தொட்டுப் பார்த்திருந்தால் ஈரச் சீமெந்து விரலில் ஒட்டியிருக்கும். தன் வேலையை ஒழுங்காகச் செய்யாதவர் அவர். அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

சுதாகரனும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவான். "இன்னும் ஒடையலயேடா. அப்ப செவரு நல்லாத்தான் இருக்கு" என்பான். நான் ஆமாம் என்பேன். தன் ஊரான பூண்டுலோயாவிலிருந்து வரும்போதெல்லாம் அவன் அம்மா சுட்ட ரொட்டியில் எனக்கும் பங்கு கொண்டுவருவான். நல்லவன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசிப் பேப்பர் முடிந்தது. அவனுக்குத் திங்கட்கிழமை இன்னும் ஒன்று இருந்தது. மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்து, கண்ணாடியை விரலால் தடவி, "இப்பிடிப் பொடியள் இந்தக் காலத்தில கிடைக்கிறேல்லை" என்று முழு முற்பணத்தையும் என் கையில் தந்தார். சுதாகரன் மூன்று நாள் வாடகையில்லாமல் தங்கலாம் என்றும் சொன்னார். அவன்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தான்.

"என் பங்க நீயே வச்சிருடா. பேப்பர முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பணம் கைக்கு வந்துவிட்டதுதான். ஆனால் சொன்னால் அவன் மாஸ்டரிடம் ஓடியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு மேடு இறங்கியது. மாஸ்டரும் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சுதாகரன் மழைக்குப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படித்துக்கொண்டிருந்தானாம்.

நான் இழவுக்குப் போனேன். அவன் பங்கை ஒரு சதம் குறையாமல் அவன் அம்மாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பாருங்க என்றேன், அவர் எண்ணவில்லை. வேறு யாராவது என்றால் அமுக்கியிருப்பார்கள். என் அம்மாவின் தோட்டையும் மீட்டாயிற்று. ஈர்க்குச்சியை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்.

கடைசியாகக் கட்டில்களைப் பற்றிக் கேட்டீர்கள். மாஸ்டர் உங்களிடம் சொன்னது சரிதான். நாங்கள் குடிவந்தபோது பின்சுவரோரம் கிடந்தது என் கட்டில், கதவோரம் அவனுடையது. முதல் கண்ணாடி உடைந்த அன்று மாலை இடம் மாறிக்கொண்டோம். இருமலாக இருக்கிறது, துப்புவதற்கு அடிக்கடி எழுந்து வெளியே போக வேண்டும் என்று சொன்னேன். அவன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தான்.

எனக்கு இருமல் இருக்கவில்லை, ஐயா.