மூட்டையை இறக்கிவைக்க ஒரு கார்டு

நாற்காலியில் கோணலாக உட்காருவதால்தான் முதுகுவலி வருகிறது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு வாய்த்ததே கிடையாது. வலி மட்டும் தவறாமல் வந்துவிட்டது. நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. கொஞ்சம் சாய்ந்துகொண்டே சொல்கிறேன்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் இரண்டு இருந்தன, ஒரே நாளில் வாங்கியவை. புதியது வந்தபோது, மாடியிலிருந்து சாமான்களை இறக்கிக் கொடுத்ததற்காக மேனேஜர் ஒன்றை எனக்கே தந்துவிட்டார். இன்னொன்று கிரேன் கூண்டுக்குப் போயிற்று. பாரம் இறங்கும் இடம் கூண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கீழே உள்ள கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்துத்தான் கிரேன்காரர் இறக்குவார். அந்தப் பாரத்துக்குக் கொக்கி மாட்டுவதும் கழற்றுவதும் என் தங்கச்சி புருஷன் வேலை. நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான்.

மாப்பிள்ளைதான் என் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். கப்பலிலிருந்து ஒருவன் மூட்டை இறக்கும் விளையாட்டு. பகலெல்லாம் தூக்கிவிட்டு வந்து அதையே விளையாடுகிறேன் என்று தங்கச்சி சிரித்தாள். இதில் முதுகு வலிக்காது என்பது அவளுக்குப் புரியவில்லை.

ஆனால் விளையாட்டு ஓடவில்லை. அவன் மூட்டையைத் தலைக்கு ஏற்றுவான், உடனே படம் உறைந்துவிடும். முட்டி பாதி மடங்கியபடி அப்படியே நிற்பான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் சோறு இறங்காது. கழுத்தில் பாரத்தோடு ஒருவனை நிற்க வைப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று தூக்கியவனுக்குத்தான் தெரியும்.

ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

"படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்ண்ணே," என்றான் கடைக்காரன். "ஆனா உங்க மதருக்கு ரொம்ப வயசாயிடுச்சு. இப்ப வர்ற கார்டு எதுவும் அதுல உட்காராது. மதரைத் தூக்கிப் போட்டுட்டு வேற மதர் வாங்கிக்குங்க."

மதர்போர்டைத்தான் சொன்னான், தெரியும். எங்கள் அம்மா படுக்கையிலேயே கிடந்து போனவள். "பெத்தவளத் தூக்கிப் போடுற குடும்பம் இல்ல தம்பி நாங்க," என்றேன். அவன் கம்ப்யூட்டரை மூடி என் பக்கம் தள்ளினான். மதரை வைத்துக்கொண்டே கார்டு தேடுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இதுவரை என்மேல் ஏதாவது தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

போர்டைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கார்டின் அடியில் பல் வரிசை ஒன்று இருக்கும், நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளி போர்டில் உள்ள மேட்டோடு பொருந்தினால்தான் உள்ளே இறங்கும். எதுவும் பொருந்தவில்லை. ஒரு கடையில் பல்லை அரத்தால் ராவிப் பார்த்தேன், பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

"உனக்குப் பொண்ணு தேடினப்பகூட நாங்க இத்தனை படி ஏறல மச்சான்," என்றான் மாப்பிள்ளை.

"அது பொருந்தாமத்தானே மாப்ள உன் வீட்டுச் சோத்தையே தின்னுக்கிட்டிருக்கேன்."

"தின்னு, யாரு வேணாம்னா. கூண்டுல இருக்கறது உன்னோடதுக்குக் கூடப் பொறந்ததுதானே? கேமராவுக்காக அதுல நல்ல கார்டாப் போட்டிருக்காங்க. போய்ப் பொண்ணு கேளு."

அவன் சிரிக்கத்தான் சொன்னான். நான் அவனுடைய திருப்புளியைக் கேட்டேன், எதற்கென்று கேட்காமல் கொடுத்தான்.

மறுநாள் கிரேன்காரர் சாப்பிடப் போயிருந்தபோது கூண்டுக்கு ஏறினேன். திருடவில்லை ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கார்டை எடுத்தேன், என்னுடையதை அங்கே வைத்தேன். எடுத்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர் எங்கள் அப்பா. கூண்டுத் திரையில் படமும் வந்தது.

அன்று வீட்டில் கார்டு என் போர்டில் அளவெடுத்ததுபோல் இறங்கியது. அவன் மூட்டையைத் தூக்கினான், நடந்தான், இறக்கிவைத்தான். முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் கிரேன்காரருக்குத் தண்ணீர் கொண்டு போனேன். பாரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மாப்பிள்ளை குனிந்து, பாரம் உட்கார வேண்டிய அடிக்கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டித்தான் படி ஏறினேன். மேலே திரையில் தரை காலியாக இருந்தது. படம் உறைந்திருந்தது. என் கார்டின் குணம் எனக்குத் தெரியாதா.

கிரேன்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கீழ காலிதானே?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்தேன். இல்லை என்றால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பார்கள். திறந்தால் கார்டைத் தேடுவார்கள். திருப்பிக் கொடுத்தால் அவன் மறுபடியும் தலையில் மூட்டையோடு நிற்க வேண்டும். எத்தனை நாளைக்கு நிற்பான்?

"காலிதான்," என்றேன்.

கிரேன்காரரை விட்டுவிடுங்கள். கண்ட படத்தையும் கேட்ட பேச்சையும் நம்பினார், அவ்வளவுதான். மாப்பிள்ளையைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய்விட்டு வந்த அன்றும் தங்கச்சி பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தாள். நான் சத்தத்தைக் குறைத்துவைத்துத்தான் விளையாடினேன். மனுஷனுக்கு ஈரம் இல்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அந்த ஒரு நாளில் திரையில் அவன் கப்பலையே காலி செய்துவிட்டான்.

என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்து வைத்த திருப்புளி மாப்பிள்ளையுடையது. கேட்டு வாங்கிய பொருள், திருப்பித் தரவில்லை. தங்கச்சியிடம் சேர்த்துவிடுங்கள். அவனுக்கு நான் வைத்திருக்கும் பாக்கி அது ஒன்றுதான்.